ஒரே வெயில், ரெண்டு கணக்கு: எரிசக்திப் பொருளாதாரம் படித்தால் என்ன கிடைக்கும்? எங்கே படிக்கலாம்?

சோலார் பேனல் விலை குறைந்துவிட்டது. ஆனால் 'யாருக்கு லாபம், செலவு யார் தலையில்' என்ற கேள்வி மட்டும் தீரவில்லை. அதற்குப் பதில் தேடும் படிப்புதான் எரிசக்திப் பொருளாதாரம். வத்தலக்குண்டைச் சுற்றியே அதற்கான பாடங்கள் கொட்டிக்கிடக்கின்றன.

மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து கொடைக்கானல் போகிற பஸ்கள் வத்தலக்குண்டில் நின்றுதான் மலையேறும். அந்த பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டர் அளவுக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். மேற்கே ஆண்டிபட்டி கணவாய்ப் பக்கம் காற்றாலைகள். பக்கத்திலேயே நிலக்கோட்டை பூந்தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் இலவச மின்சார மோட்டார்கள். வடக்கே திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள். மேலே கொடைக்கானலில் 1899-ல் நிறுவப்பட்ட, சூரியனை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வகம்.

காற்று, வெயில், தண்ணீர், தொழில் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் இந்தப் பகுதியில் பிளஸ் டூ முடித்த ஒருவர் "எரிசக்தித் துறைக்குப் போகணும்" என்றால், வீட்டில் வருகிற பதில் ஒன்றுதான்: "அப்போ இ.இ.இ. எடு." பி.ஏ. பொருளாதாரம் என்றால், மார்க் குறைந்தவர்கள் எடுக்கிற குரூப் என்ற பேச்சு இன்னும் போகவில்லை.

இந்தப் பார்வையை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஏன் என்று பார்ப்போம்.

எரிசக்திப் பொருளாதாரம் என்றால் என்ன?

சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எப்படி வருகிறது என்பது இயற்பியல். பேனலை எப்படி மாட்டுவது என்பது பொறியியல். அந்த மின்சாரம் என்ன விலைக்கு விற்க வேண்டும், கடன் யார் தருவார், மானியம் யாருக்குப் போய்ச் சேரும், நஷ்டம் வந்தால் யார் கட்டுவது? இதெல்லாம் பொருளாதாரம்.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் வீச்சு புரியும்.

ரெண்டு வீடு, ஒரே வெயில்

பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. மொட்டைமாடி சோலாருக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம். 3 கிலோவாட், அதற்கு மேல் என்றால் அதிகபட்சம் 78,000 ரூபாய். 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு மாதத்துக்கு 240 யூனிட்.

முதல் வீடு சிறியது. ரெண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடுகிறது. இதற்கு 1 கிலோவாட் போதும். உதாரணத்துக்கு, செலவு 70,000 ரூபாய். மானியம் போக கைக்காசு 40,000. தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம். அதனால் சோலார் போட்டாலும் மிச்சமாவது அடுத்த 100 யூனிட்டின் காசுதான். 2024 ஜூலை கட்டண ஆணைப்படி 400 யூனிட் வரை ஒரு யூனிட் 4.80 ரூபாய். ரெண்டு மாதத்துக்கு 480 ரூபாய், வருஷத்துக்கு 2,880 ரூபாய் மிச்சம். போட்ட காசு திரும்ப கிட்டத்தட்ட 14 வருஷம் ஆகும். குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு மாநில அரசு தரும் கூடுதல் மானியத்தையும் கணக்கில் எடுத்தால் இன்னும் இழுக்கும்.

ரெண்டாவது வீடு பெரியது. ஏ.சி., ஹீட்டர் எல்லாம் உண்டு. ரெண்டு மாதத்துக்கு 900 யூனிட். இதே ஆணைப்படி பில் 5,940 ரூபாய் வரும். 3 கிலோவாட் சோலாருக்குச் செலவு 2 லட்சம் என்று வைத்தால், மானியம் போக 1,22,000 ரூபாய். ரெண்டு மாதத்தில் 720 யூனிட் கிடைக்கும். மீதி 180 யூனிட்டுக்கான பில் 384 ரூபாய்தான். வருஷத்துக்கு 33,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். நாலு வருஷத்துக்குள் போட்ட காசு கைக்கு வந்துவிடும்.

ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே கம்பெனி பேனல். ஒருவருக்கு 14 வருஷம், இன்னொருவருக்கு 4 வருஷம். பேனலில் எந்தக் கோளாறும் இல்லை. வித்தியாசம் முழுக்க கட்டண அடுக்கில் இருக்கிறது.

வட்டி வந்தால் கதை மாறும்

இப்போது முதல் வீட்டுக்காரர் அந்த 40,000 ரூபாயை 12% வட்டிக்குக் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷ வட்டி மட்டும் 4,800 ரூபாய். சோலாரால் மிச்சமாவது 2,880. அதாவது, வட்டிக்கே பத்தாது. 7% வட்டி என்றால் 2,800 ரூபாய். மிச்சமான காசு அப்படியே வட்டிக்குப் போகும், அசல் அசையாது.

நிலக்கரி மின்நிலையத்தில் வருஷாவருஷம் எரிபொருள் வாங்க வேண்டும். சோலாரிலும் காற்றாலையிலும் எரிபொருள் இலவசம். ஆனால் மொத்தச் செலவும் முதல் நாளே வந்துவிடும். அதனால் இந்தத் துறையில் வெயில் எவ்வளவு முக்கியமோ, அதே அளவுக்கு வட்டி விகிதமும் முக்கியம். எரிசக்திப் பொருளாதாரம் படிப்பவர் ஆரம்பத்திலேயே கற்றுக்கொள்வது இதைத்தான்: இன்றைய செலவையும் இருபது வருஷம் கழித்து வரும் வரவையும் ஒரே தராசில் எப்படி வைப்பது?

பணக்கார வீடு சோலாருக்குப் போனால் யாருக்கு நஷ்டம்?

கணக்கு இதோடு முடியவில்லை. யூனிட்டுக்கு 9 ரூபாய், 10 ரூபாய் கட்டிய வீடும் கடையும் ஆலையும்தான், குறைந்த விலையில் மின்சாரம் பெறுபவரின் செலவில் ஒரு பகுதியைச் சுமக்கின்றன. இதைக் குறுக்கு மானியம் என்கிறார்கள். அதிகம் கட்டியவர் சோலார் போட்டு விலகினால், மின் வாரியத்தின் வருமானம் குறையும். கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், ஊழியர் சம்பளம் குறையாது. ராத்திரியில் அதே வீட்டுக்கு மின்சாரம் தரும் பொறுப்பும் குறையாது.

மிச்சம் யார் கட்டுவது? மற்ற நுகர்வோரா, அரசா? தமிழ்நாட்டில் இது வெறும் தியரி கேள்வி இல்லை. மின் பகிர்மான நிறுவனங்களை மீட்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் தமிழ்நாடு 2017 ஜனவரியில் சேர்ந்தது. அப்போது மின் வாரியக் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசே ஏற்றுக்கொண்டது. அது எல்லோருடைய வரிப்பணம்.

'அப்போ மொட்டைமாடி சோலாரே வேண்டாமா?' என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் மானியம் யாருக்கு எவ்வளவு, கம்பிக்கான கட்டணம் எப்படி, சின்ன வீட்டுக்கு வேறு வழி என்ன என்று யோசிக்க ஆள் வேண்டும். பேனல் மாட்டுபவரின் வேலை இது இல்லை.

பூந்தோட்டத்து மோட்டார் சொல்லும் பாடம்

தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984-லும், எல்லா விவசாயிகளுக்கும் 1990-லும் மின்சாரம் இலவசமானது. மழை பொய்த்த வருஷங்களில் பல குடும்பங்களைக் காப்பாற்றிய முடிவு அது. இப்போது பம்புசெட்டை சோலாருக்கு மாற்றச் சொல்கிறது 2019-ல் வந்த பி.எம். குசும் திட்டம்.

ஏற்கெனவே இலவச இணைப்பு வைத்திருக்கும் பூ விவசாயிக்கு சோலார் பம்பால் மிச்சமாகும் தொகை எவ்வளவு? பூஜ்யம். பில்லே இல்லாதவருக்கு எதில் மிச்சம் வரும்? ஆனால் அந்த மின்சாரத்துக்கான காசைத் தரும் அரசுக்கு மிச்சம் உண்டு. இணைப்புக்காகக் காத்திருக்கும் விவசாயிக்கும், டீசல் ஊற்றும் விவசாயிக்கும் பெரிய மிச்சம். ஒரே கருவி, மூன்று பேருக்கு மூன்று மதிப்பு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பகல் முழுக்க காசில்லாமல் தண்ணீர் வந்தால் நிலத்தடி நீர் என்ன ஆகும்? மின் கணக்கில் வராத இந்தச் செலவு, அடுத்த வருஷம் போர்வெல்லை இன்னும் நூறு அடி இறக்கும்போது தெரியும்.

விலைச்சீட்டில் இல்லாத செலவு

இப்படிக் கணக்கில் வராத செலவை, புறச்செலவு என்கிறது பொருளாதாரம். கொடைக்கானல்காரர்களுக்கு இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அங்கே இயங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, 2001-ல் மூஞ்சிக்கல் பகுதி பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் ஹிந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது 2016-ல். நடுவே 15 வருஷம். அந்த தெர்மாமீட்டரை வாங்கியவர் கொடுத்த விலையில், பழனி மலை மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு சேர்ந்திருக்கவில்லை.

நிலக்கரி மின்சாரத்திலும் இதே கதைதான். எண்ணூர் கழிமுகத்தில் சேர்ந்த சாம்பல், யூனிட் விலையில் சேரவில்லை. அதைச் சேர்த்தால் எது மலிவு என்ற பட்டியலே மாறும். பருவநிலை மாற்றத்தின் செலவைப் பொருளாதாரக் கணக்குக்குள் கொண்டுவந்ததற்காகத்தான் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் நார்தாஸுக்கு 2018-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

7.01 ரூபாய் எப்படி 3.47 ஆனது?

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சோலார் பூங்காவை அதானி குழுமம் 2016-ல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதன் மின்சாரத்தை யூனிட் 7.01 ரூபாய்க்கு வாங்க 2015-ல் ஒப்பந்தம் போட்டது டான்ஜெட்கோ. ஒழுங்குமுறை ஆணையம் 2014-ல் நிர்ணயித்த விலை அது. ரெண்டே வருஷத்தில், 2017-ல், 1,500 மெகாவாட்டுக்கு ஏலம் விட்டபோது தமிழ்நாட்டிலேயே விலை 3.47 ரூபாய்க்கு இறங்கியது.

இதில் ஏலத்தின் பங்கு எவ்வளவு, உலகச் சந்தையில் பேனல் விலை சரிந்ததன் பங்கு எவ்வளவு? ரெண்டும் இருக்கிறது. பிரித்துச் சொல்வதற்குத்தான் புள்ளியியல் வேண்டும்.

பேனல் விலை சரிந்ததற்குப் பின்னால் இன்னொரு நாட்டு மக்களின் கரண்ட் பில் இருக்கிறது. ஜெர்மனி 2000-ல் கொண்டுவந்த சட்டம், சோலார் மின்சாரத்துக்கு நிச்சய விலை கொடுத்தது. கூடுதல் செலவை ஜெர்மன் குடும்பங்கள் தங்கள் பில்லில் கட்டின. அந்தத் தேவையை நம்பி சீனா தொழிற்சாலைகளைப் பெருக்கியது. விலை விழுந்தது. இன்று வத்தலக்குண்டு மாடியில் மலிவாகப் பேனல் ஏறுகிறது என்றால், பெர்லினில் யாரோ கட்டிய காசுக்கும் அதில் பங்கு உண்டு.

இப்போதைய தலைவலி: நேரம்

யூனிட் விலை குறைந்ததும் பிரச்சினை இடம் மாறிவிட்டது. சோலார் பகலில் மட்டும் வரும். தமிழ்நாட்டில் காற்று மே முதல் செப்டம்பர் வரை பிய்த்துக்கொண்டு அடிக்கும், அப்புறம் ஓய்ந்துவிடும். தேவையோ ஏறிக்கொண்டே போகிறது. 2024 மே 2-ஆம் தேதி மாநிலத்தின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது.

மின்சாரம் தேவைக்கு மிஞ்சினால், உற்பத்தியைக் குறைக்கச் சொல்வார்கள். அப்படிக் குறைக்கச் சொன்னதற்கு எதிராகத் தமிழ்நாட்டு சோலார் நிறுவனங்கள் தொடர்ந்த வழக்கில், 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இழப்பீடு தரச் சொன்னது. பயன்படுத்தாத மின்சாரத்துக்கும் காசு!

மாலை உச்ச நேரத்தில் நிலைமை தலைகீழ். உயர் அழுத்த இணைப்புள்ள ஆலைகள் உச்ச நேர யூனிட்டுக்குக் கூடுதல் கட்டணம் கட்டுகின்றன. திண்டுக்கல் நூற்பாலை எந்த ஷிஃப்டில் அதிகம் ஓட்டலாம், சொந்தக் காற்றாலை வாங்கலாமா, பேட்டரி போடலாமா என்பதெல்லாம் இப்போது கணக்குப் போட்டு எடுக்க வேண்டிய முடிவுகள்.

சரி, எங்கே படிக்கலாம்?

'எரிசக்திப் பொருளாதாரம்' என்ற பெயரிலேயே பட்டம் இங்கே அரிது. பெரும்பாலும் ரெண்டு வழியில் வர வேண்டும்: பொருளாதாரம் படித்து எரிசக்திக்கு வருவது, அல்லது பொறியியல் படித்துப் பொருளாதாரத்துக்கு வருவது.

காந்திகிராமம்: வத்தலக்குண்டு இருக்கும் அதே மாவட்டம். 1956-ல் தொடங்கி, 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான காந்திகிராம கிராமியப் பல்கலையில் பொருளாதாரத் துறையும் இருக்கிறது. கிராமிய எரிசக்திக்கான மையமும் இருக்கிறது. கிராமத்தை ஆய்வுக்களமாக வைத்தே உருவான நிறுவனம் என்பதால், பம்புசெட், சாண எரிவாயு, மொட்டைமாடி சோலார் போன்ற தலைப்புகளில் ஆய்வு செய்ய வசதியான இடம்.

மதுரை காமராசர் பல்கலை: பொருளாதாரம், எரிசக்தி ரெண்டுக்கும் தனித்தனி துறைகள் உண்டு. மதுரையில் தங்காமல் தினமும் பஸ்ஸில் போய்வர நினைப்பவர்களுக்கும் எட்டுகிற தூரம்.

சென்னை: 1993-ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சுற்றுச்சூழல் பொருளாதாரத்தில் எம்.ஏ. உண்டு. கணிதம் கொஞ்சம் கனமாகவே இருக்கும். பொறியாளர்களுக்கு அண்ணா பல்கலையின் எரிசக்திக் கல்வி நிறுவனத்தில் எம்.இ. எனர்ஜி இன்ஜினீயரிங் இருக்கிறது.

டெல்லி: டெரி நிறுவனத்தின் பல்கலையில் சுற்றுச்சூழல், வளப் பொருளாதாரத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.எஸ்சி. பொருளாதாரம் இருக்கிறது.

காசே செலவில்லாமல்: என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் தளங்களில் எரிசக்திப் பொருளாதாரம் பற்றிய வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். ரெண்டு வருஷமும் சில லட்சமும் போடுவதற்கு முன், இந்தத் துறை பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள இதுவே போதும்.

வேலை இருக்கா?

இருக்கிறது; ஆனால் போர்டில் பெயர் வேறாக இருக்கும். செபி விதிப்படி, பங்குச்சந்தையில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிக் கட்டாயம் அறிக்கை தர வேண்டும். இந்தியாவின் கார்பன் வர்த்தகத் திட்டம் 2023-ல் அறிவிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி, இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் உள்ளிட்ட பொருட்களுக்கு 2023 அக்டோபரில் சோதனைக் கட்டமாகத் தொடங்கியது. 2026 ஜனவரி முதல் காசு கணக்கு. ஜவுளி அந்த முதல் பட்டியலில் இல்லை.

இந்த மூன்றுக்குமே கணக்கும் தெரிய வேண்டும், எரிசக்தியும் தெரிய வேண்டும். வங்கிகளின் திட்டக் கடன் பிரிவு, மின் ஒழுங்குமுறை ஆணையங்கள், புனேயின் பிரயாஸ், டெல்லியின் சி.இ.இ.டபிள்யூ. போன்ற ஆய்வு அமைப்புகள், மாவட்டங்களில் பணியாற்ற இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் தமிழக அரசின் முதலமைச்சர் பசுமை ஃபெலோஷிப் எனக் கதவுகள் உண்டு.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 'எனர்ஜி ஆடிட்டர்' ஆக மத்திய எரிசக்தித் திறன் செயலகம் நடத்தும் தேர்வை எழுத, பொறியியல் படிப்போ, இயற்பியல், வேதியியல், மின்னணுவியலில் முதுகலையோ, அதோடு பணி அனுபவமோ கேட்கிறார்கள். வெறும் எம்.ஏ. பொருளாதாரம் வைத்து அந்தக் கதவு திறக்காது. சேரும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கல்லூரியில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

'சஸ்டெய்னபிலிட்டி' என்ற வார்த்தையை ஒட்டியதுமே கட்டணம் ஏறிவிடும் படிப்புகளும் இருக்கின்றன. பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தைப் பாருங்கள்.

1. புள்ளியியலும் எகனாமெட்ரிக்ஸும் எத்தனை பருவம்? ஒன்றுமே இல்லை என்றால், கிடைக்கப்போவது சுற்றுச்சூழல் விழிப்புணர்வு. தொழில் திறமை கிடைக்காது.

2. உண்மையான கட்டண ஆணை, மின் கொள்முதல் ஒப்பந்தம் எதையாவது வகுப்பில் படிக்க வைப்பார்களா?

3. கடந்த ரெண்டு பேட்ச் மாணவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்? 'நல்ல இடத்தில்' என்ற பதில் பத்தாது. வேலையின் பெயர் வேண்டும்.

பல சமயம், கணிதம் வலுவான சாதாரண எம்.ஏ. பொருளாதாரமும், எரிசக்தி பற்றி ஒழுங்காகச் செய்த ஒரு ப்ராஜெக்ட்டும், பளபளப்பான பட்டத்தைவிட மேல்.

அந்த ப்ராஜெக்ட்டுக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. மின் கட்டணத்தை உயர்த்துவதற்கு முன் ஒழுங்குமுறை ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்கும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் அப்படிக் கூட்டங்கள் நடந்தன. வாரியத்தின் மனு, வரவு செலவு எல்லாம் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதிக் கொடுக்கலாம், நேரில் பேசலாம்.

பத்து வீட்டு மின் கணக்கீட்டு அட்டையை வாங்கி, மேலே போட்ட அதே கணக்கை வத்தலக்குண்டில் ஒரு தெருவுக்குப் போட்டுப் பாருங்கள். எந்த வீட்டுக்கு சோலார் கட்டுப்படியாகும், எந்த வீட்டுக்கு ஆகாது, எவ்வளவு மானியம் கொடுத்தால் ஆகும் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் செய்வதும் இதைத்தான். அவர்களுக்குத் தெருவுக்குப் பதில் மாநிலம்.